காலையில் அரை மணி நேரம் எங்கே ஒழுகிப் போகிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

கொய்யாமரம் | ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய வீடமைப்புத் தாமானில் குடியிருக்கிறோம். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பேக்டரி பஸ் 6.10க்குக் கோயில் முச்சந்திக்கு வரும், ஆள் நின்றால் ஏற்றும், இல்லையென்றால் போய்விடும். வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. கணவர் செம்பனை (பாமாயில்) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவார்.

போன மாதம் மூன்று முறை பஸ்ஸை விட்டேன். விட்டால் வாடகைக் காடி (கார்) தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல். அன்றைய சம்பளத்தில் பெரிய துண்டு அதிலேயே போய்விடும்.

ஆனால் நான் எழுத வந்தது காசுக்காக இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது அவசரத்தில் சீப்பை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். அவள் அழவில்லை. கண்ணை இறுக்க மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் "அம்மா வலிக்குது" என்று கத்துவாள். இப்போது பழகிவிட்டாள் போலிருக்கிறது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஐந்து நாள், பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் காலையில் என்னென்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன் என்று எழுதி வந்தேன். நான்கரைக்கு எழுகிறேன். சமையலுக்கு முக்கால் மணி நேரம். அதைக் குறை சொல்ல முடியாது, இரண்டு வேளைச் சாப்பாடு அதற்குள் முடிகிறது. நான் அதிர்ந்து போனது வேறு ஒன்றைப் பார்த்து. மகனின் ஒரு காலுறை, மகளின் பெயர்ப்பட்டை, என் வேலை அட்டை, பள்ளி கேன்டீனுக்குச் சில்லறை, டீச்சர் கையெழுத்துக் கேட்ட தாள். இவற்றைத் தேடுவதற்கு மட்டும் வியாழக்கிழமை 27 நிமிடம் போயிருக்கிறது. மற்ற நாள்களிலும் இருபதுக்குக் குறையவில்லை. அப்புறம் போன். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வைப்போம் என்று எடுத்தது 12 நிமிடம்.

உங்கள் வீட்டில் உண்மையிலேயே பலன் தந்த பழக்கத்தை மட்டும் சொல்லுங்கள். வீடியோவில் பார்த்ததை நானும் நிறையப் பார்த்துவிட்டேன்.


மோட்டார்தம்பி | ஞாயிறு, இரவு 9.41

அக்கா, நான்கு மணிக்கு எழுந்தால் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமே? நான் ஜிம்முக்குப் போவதற்காக அப்படித்தான் செய்கிறேன்.


கொய்யாமரம் | ஞாயிறு, இரவு 9.58

தம்பி, நான் படுக்கவே பதினொன்று ஆகிறது. நான்கரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். அதிலும் கைவைத்தால் மெஷின் முன்னால் நிற்க முடியாது. எனக்குக் கைவிரல்களும் முக்கியம்.


பால்மரத்தார் | திங்கள், காலை 5.35

மகளே, நான் 28 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். இப்போது அறுபத்தெட்டு வயது. பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது) போன பழக்கம், இன்னமும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

எங்கள் லயத்து வாசல் தூணில் நான்கு ஆணி அடித்திருந்தது. ஒன்றில் என் கத்தி, ஒன்றில் தலைவிளக்கு, மூன்றாவதில் கொசுவத்தி டப்பா, நான்காவதில் என் மனைவி தலையில் கட்டும் துணி. இருட்டில் எழுந்து கையை நீட்டினால் சாமான் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் இரவே தேடி மாட்டிவிட்டுத்தான் படுப்பாள். பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி அந்த மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அன்றைய கூலி போச்சு. அதனால் எங்களுக்கு மறுநாள் காலை என்பது முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். உன் வீட்டில் காலுறைக்கு ஆணி இல்லை. அங்கேதான் உன் 27 நிமிடமும் போகிறது.

இன்னொன்று சொல்கிறேன், இதை இளையவர்கள் யோசிப்பதில்லை. கத்தியை நான் தீட்டுவது மதியம், ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்து குளித்த கையோடு. என் பங்குக்கு ஐந்நூறு மரம். மழுங்கின கத்தியால் ஒரு மரத்துக்கு ஐந்து விநாடி கூடினால் என்ன ஆகும், கணக்குப் போட்டுப் பார். 2,500 விநாடி. நாற்பது நிமிடத்துக்கு மேல். அதுவும் எந்த நாற்பது நிமிடம்? விடியற்காலைக் குளிரில்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுக்கும், பால் சுருங்கிவிடும். காலையில் விட்ட நாற்பது நிமிடத்தை மத்தியானம் பிடிக்க முடியாது. உன் சமையல்கட்டுக் கத்தி எப்படி இருக்கிறது என்று இன்று பார்.

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியையே பன்னிரண்டு ஆக்கி, தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் என்று வந்தது அன்றுதான். எங்கள் தோட்டத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே குழப்பம். மரத்துக்கு மட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அது இருட்டையும் குளிரையும் பார்த்துத்தான் பால் கொடுத்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கும் அந்த அரை மணி ஒரு காரணம். ஏழு மணியை ஒட்டித்தான் இங்கே பொழுதே விடிகிறது. விடியாத வேளையில் தேடினால் எதுவும் லேசில் கிடைக்காது, மகளே. வெளிச்சத்தில் எடுத்து வை.


இரவுப்பணி | திங்கள், காலை 8.15

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். தெலுக் இந்தான் பக்கம், தாதி வேலை. ஐயா சொன்ன ஆணி விஷயத்தைப் படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. "வெறுங்கையோடு உள்ளே வராதே, வெறுங்கையோடு வெளியே போகாதே" என்று சதா சொல்லிக்கொண்டே இருக்கும். கொல்லைக்குப் போனால் ஒரு காய்ந்த துணியோடு திரும்பு, குசினிக்குப் போனால் மேசையில் இருக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு போ. வார்டில் நான் பிழைப்பதே இதனால்தான். ஒரு நடையில் இரண்டு வேலை.

அக்கா, சமையலுக்கு ஒன்று சொல்கிறேன். சம்பலுக்கு அரைத்த மிளகாய், இஞ்சி பூண்டு, வெங்காய விழுது எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு தடவைதான் அரைப்பேன். டப்பாவில் போட்டு உறையவைக்காதீர்கள், கல் மாதிரி ஆகிவிடும், காலையில் கரண்டி உடையும். பிளாஸ்டிக் பையில் போட்டு, சப்பாத்திக்கட்டையால் அழுத்தி, அட்டை மாதிரி மெல்லிசாக்குங்கள். பிறகு ஸ்கேலின் விளிம்பால் நெட்டுக்கும் குறுக்குக்கும் கோடு போட்டு, தட்டையாகப் படுக்கவையுங்கள். உறைந்த பின் சாக்லேட் துண்டு உடைக்கிற மாதிரி ஒரு சதுரம் உடைத்து நேராக எண்ணெயில் போடலாம். ஒரு நிமிடத்தில் இளகிவிடும். மிளகாய் பைக்கும் இஞ்சி பைக்கும் வேறு வேறு நிற ரப்பர் வளையம் போடுங்கள், தூக்கக் கலக்கத்தில் மாறிப்போகாது.


சிலேட்டுக்குச்சி | திங்கள், மாலை 4.05

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சகோதரி, உங்கள் பட்டியலை மறுபடி படியுங்கள். காலுறை, பெயர்ப்பட்டை, சில்லறை, கையெழுத்துத் தாள். நான்கும் பிள்ளைகளுடையவை. தேடுவது மட்டும் நீங்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் பையை அடுக்கத் தெரியும். என் வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளே செய்கிறார்கள். கால அட்டவணையைப் பையின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன், பை வாசலில் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். முதல் பத்து நாள் நீங்கள் செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஏதாவது ஒரு புத்தகத்தை மறந்துவிட்டும் வருவார்கள். மறக்கட்டும். ஒரு நாள் புத்தகம் இல்லாமல் வந்த பிள்ளை மறுநாள் தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பெற்றோர் ஓடிவந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளைதான் கடைசிவரை கற்றுக்கொள்வதில்லை. இதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்து போகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் இதழில் வந்தது. ஒரு காரியம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. எனக்கு அதில் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் ஒன்றும் வரவில்லை என்பது. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரலாம்.

அப்புறம் பார்க்கின்சன் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்துக்கும் அது ஊதிக்கொண்டே போகும் என்று 1955இல் எழுதினார். அரசு அலுவலகங்களை வைத்து எழுதியதுதான், ஆனாலும் என் வீட்டில் துணி மடிப்பதற்கும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் இருக்கிறதே என்று உட்கார்ந்தால் பூராவும் ஆகும். ரேடியோவில் செய்தி முடிவதற்குள் மடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் அதற்குள் முடிகிறது.


அம்மிக்கல் | திங்கள், இரவு 10.12

எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி எழுதிய அத்தனை வரிகளிலும் ஓடுவது ஒரே ஒரு ஆள். கணவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கூலிமில் முப்பது வருடம் வேலைக்குப் போனேன். ரைஸ் குக்கர் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, கிரைண்டர் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது எனக்கு நேரம் மிச்சமாகும் என்றார்கள். மிச்சமான நேரத்தில் எல்லாம் இன்னொரு வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. கையால் துவைத்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை துவைத்தேன், மெஷின் வந்த பிறகு தினமும்.

2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி வார வேலை 48 மணி நேரத்திலிருந்து 45 ஆகக் குறைந்தது. என் மகள் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. குசினி வேலைக்கு மட்டும் அப்படி யாரும் கணக்குப் போட்டதில்லை. பழக்கத்தை மாற்று, மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் மிச்சம் பிடிப்பதற்கு முன்னால், அது யாருக்கு என்று முடிவு செய்துகொள். இல்லையென்றால் அந்த நேரத்தில் நீ வாசல் கூட்டிக்கொண்டு இருப்பாய்.


செம்பனைக்காடு | செவ்வாய், இரவு 8.30

அம்மிக்கல் அக்கா கேட்டதற்கு ஓர் ஆம்பளை பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வை) வேலை பார்க்கிறேன். திருமணமாகி 14 வருடம்.

எனக்கும் காலையில் எதுவும் தெரியாமல்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரம் பிள்ளைகளை நான் கிளப்பினேன். முதல் நாள் என் மகனை எட்டு மணிக்குத்தான் பள்ளி வாசலில் இறக்கினேன். அவனுடைய சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நானூறு ஏக்கரில் எந்த வரிசையில் எந்த மரம் காய்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவன், சொந்த வீட்டில் திருடன் மாதிரி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். எனக்கு அன்று மிகவும் வெட்கமாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு வேலையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் பசியாறலும் பள்ளித் துணியும் இன்றுவரை என் பொறுப்பு. "உதவி செய்கிறேன்" என்று சொல்வதை நிறுத்தினேன். உதவி என்றால் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கே அவளுக்கு நேரம் போகும். சீருடை கிழிந்தாலும் சிறுத்தாலும் புதுசு வாங்கும் வரை என் தலைவலி. தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் பத்து வேலையில் பாதிப் பாதி கேட்காதீர்கள். இரண்டை முழுசாகக் கொடுங்கள். பிழை செய்தால் பின்னாலேயே போய்த் திருத்தாதீர்கள்.

தோட்டத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வெட்டிய குலையைக் கிடப்பில் போடக் கூடாது. அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் கெடும். அதனால் வெட்டிய குலை எப்பாடுபட்டாவது 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு குலையைக் காட்டில் இறக்கி, அப்புறம் பாதையோரம் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றினால் தொட்ட ஒவ்வொரு தடவையும் பழம் அடிபடும், ஆள்கூலியும் போகும். வீட்டில் பள்ளிக் கடிதமும் அப்படித்தான். மேசையில் வைத்து, குளிர்ப்பெட்டி மேல் வைத்து, அப்புறம் தேடி. கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. பேனாவை நூல் கட்டி வாசல் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன்.


பீடோங்வாசி | புதன், மதியம் 1.20

நாங்கள் கெடா மாநிலம். எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடெல்லாம் எங்களுக்குச் சனிக்கிழமை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை நேரத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் வரிசையில் நிற்கும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். மாதா மாதம் அரசு கிளினிக்கில் மருந்து வாங்கவே அரை நாள் விடுப்பு எடுப்பேன். தொடர்ந்து சாப்பிடும் மருந்தைத் தபாலில் அனுப்பிவைக்கும் சேவை அரசு மருந்தகங்களில் உண்டு, சில இடங்களில் காடியில் உட்கார்ந்தபடியே வாங்கும் முகப்பும் உண்டு என்று மருந்தகத்தில் ஓர் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நாமாகக் கேட்டால்தான் பதிந்து தருவார்கள். மாமியாருக்கு மருந்து இருந்தால் அடுத்த முறை முகப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை கேட்டேன், மாதம் நான்கு மணி நேரம் மிச்சம்.

இன்னொன்று. ஓர் அலுவலகத்தில் பிறப்புப் பத்திர நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் அதை எடுத்துப் போனால் அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) நகல் எங்கே என்றார்கள். இரண்டு நாள் விடுப்பு, இரண்டு தடவை பெட்ரோல். அன்று சாயங்காலமே ஒரு நீலக் கோப்பு வாங்கி, வீட்டில் இருக்கும் எல்லாருடைய ஐசி, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், கடைசி மின்சாரக் கட்டணச் சீட்டு எல்லாவற்றிலும் மும்மூன்று நகல் போட்டு வைத்தேன். எங்கே போனாலும் அந்தக் கோப்பு கூட வரும். நகல் ஒன்று குறைந்தால் திரும்பும் வழியிலேயே கடையில் எடுத்துப் போட்டுவிடுவேன். நான்கு வருடமாக ஒரு முகப்பிலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

சாலை வரிக்குப் போய் நிற்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். 2023லிருந்து சொந்த வாகனத்துக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. காப்புறுதியைப் புதுப்பித்ததும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியிலேயே கட்டி முடிக்கலாம்.


மோட்டார்தம்பி | புதன், இரவு 11.02

அக்கா, முதலில் யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் அம்மாவும் இப்படித்தான் ஓடுவார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

போனுக்கு மட்டும் ஒன்று எனக்குத் தெரியும். அலாரம் போனில் இருக்கும் வரை, அதை அணைக்கக் கை போகும், கூடவே செய்தியும் திறக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கினேன். போனை வரவேற்பறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறேன். காலை வணக்கப் படம் வரும் குழுக்களை எல்லாம் சத்தம் வராதபடி வைத்துவிட்டேன், யாருக்கும் வருத்தமில்லை, மதியம் சேர்த்துப் பதில் போடுகிறேன்.


கொய்யாமரம் | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 6.40

எல்லாருக்கும் நன்றி. சும்மா நன்றி சொல்லிப் போகக் கூடாது, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஐயா, முதல் வேலையாகக் கணவர் வாசல் சுவரில் ஆறு கொக்கி அடித்தார். தாழ்வாக, மகனுக்கு எட்டும் உயரத்தில். ஒவ்வொன்றின் கீழும் மகள் படம் வரைந்து ஒட்டினாள்: சாவி, அட்டை, காலுறைப் பை, சில்லறைப் பை, பெயர்ப்பட்டை, மாமியாரின் கண்ணாடி. முதல் வாரமே தேடும் நேரம் ஏழு எட்டு நிமிடத்துக்கு வந்துவிட்டது. இப்போது பல நாளில் தேடுவதே இல்லை. சமையல்கட்டுக் கத்தி நீங்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது, மொட்டை. வெங்காயத்தை வெட்டவில்லை, நசுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சம்பல் விஷயத்தில் வீட்டில் மனத்தாங்கல் வந்துவிட்டது. மாமியாருக்கு அன்றன்று அரைத்தால்தான் சம்பல். பனிக்கட்டியில் வைத்த மிளகாயைத் தொடவே மாட்டேன் என்று இரண்டு நாள் வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவர்களைக் கேட்காமல் குளிர்ப்பெட்டி முழுக்க என் பைகளை அடுக்கியது என் தப்பு. குசினி அவர்கள் நாற்பது வருடம் ஆண்ட இடம். போய் உட்கார்ந்து, "அத்தை, நீங்களே அரைத்துக் கொடுங்கள், உங்கள் கைப்பக்குவத்தில்" என்று கேட்டேன். இப்போது சனிக்கிழமை மதியம் அவர்கள்தான் பெலாச்சானை (இறால் விழுது) வாட்டி, மிளகாயை வேகவைத்து அரைக்கிறார்கள். நான் பையில் போட்டுக் கோடு போடுவதோடு சரி. தங்கையே, உங்கள் ரப்பர் வளைய யோசனைக்கு அவர்களிடமிருந்தும் ஒரு பாராட்டு.

டீச்சர், மகள் நான்காம் நாளே பிடித்துக்கொண்டாள். மகன் மூன்று தடவை புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். ஒரு தடவை எனக்கு மனசு கேட்கவில்லை, கணவரைத் திரும்பிப் போய்க் கொடுக்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் விட்டதில்லை.

கணவரிடம் அண்ணன் எழுதியதை அப்படியே படிக்கக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்து வந்து "எந்த ரெண்டு?" என்று கேட்டார். பிள்ளைகளின் பசியாறலும் மகனைக் குளிக்கவைத்துக் கிளப்புவதும் இப்போது அவருடையது. ரொட்டியில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவியது, ரொட்டியில் முட்டை, மறுபடி ரொட்டியில் காயா. பிள்ளைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தோற்றுப்போனதையும் சொல்ல வேண்டும். வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் இஸ்திரி போட்டு மாட்டினேன். அலமாரியில் இடம் போதாமல் எல்லாம் கசங்கி, வியாழக்கிழமை மறுபடி போட வேண்டி வந்தது. இப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறை. போனை வெளியே வைப்பது எனக்கு இரண்டு வாரம்தான் தாங்கியது. அம்மா தனியாக இருக்கிறார்கள், இரவில் அழைப்பு வந்தால் கேட்க வேண்டுமே என்ற பயம். அதனால் போன் அறையில்தான் இருக்கிறது, ஆனால் தம்பி சொன்ன மாதிரி குழுக்களின் சத்தத்தை நிறுத்திவிட்டேன். மாமியாரின் மருந்துக்கும் கேட்டாயிற்று, அடுத்த மாதத்திலிருந்து தபாலில் வரும்.

இந்த ஆறு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் பஸ்ஸை விட்டேன், அதுவும் பேய் மழை.


அம்மிக்கல் | சனி, இரவு 8.55

மனசு நிறைந்தது, தங்கச்சி. ஆனால் நான் கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்லவில்லை. மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறாய்?


கொய்யாமரம் | சனி, இரவு 9.30

அக்கா, முதல் வாரம் நீங்கள் சொன்ன மாதிரியே வாசல் கூட்டினேன். இரண்டாம் வாரம் ஊறவைத்த துணியை எடுத்தேன். அப்புறம் உங்கள் வரி ஞாபகம் வந்து, துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது ஐந்தரைக்கு மகளைப் பின்வாசல் படிக்கட்டில் உட்கார வைக்கிறேன். அவள் கீழ்ப்படி, நான் மேல்படி. முதலில் விரலாலேயே சிக்கு எடுத்துவிட்டு, எண்ணெய் தொட்டு, அடியிலிருந்து சீவி மேலே வருகிறேன். பத்து நிமிடம் ஆகிறது. போன வாரம் பாதியிலேயே என் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். இரட்டைப் பின்னலில் ஒன்று முடிந்திருந்தது, இன்னொன்று மிச்சம். எழுப்ப மனசு வரவில்லை. மணி 5.41. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.